ஐம்பத்தோராவது வளைவில் 4.17

"கேட்டை மூடுங்க! ஒரு வண்டியும் மேல ஏறக் கூடாது!" ஒரு கையில் ரிசீவர், மறு கையில் கீபோர்டு. மலைமேல் சோளக்காட்டின் நிலச்சரிவுக் கண்காணிப்பு அறையிலிருந்து தவ்பீக் கத்தினான்.

"இப்பத்தான் தூங்கி எந்திரிச்சீங்களா?" மறுமுனையில் அடிவாரச் சோதனைச்சாவடிக் காவலர் அர்த்தனாரி சிரித்தார். "பஸ்ஸு பன்னண்டே முக்காலுக்கே ஏறிருச்சுங்க. உங்க ஊட்டம்மாவும் பாப்பாவும் முன் சீட்டுல. பாப்பா டாட்டா காட்டுச்சே!"

அந்த பஸ் இரண்டு மணிக்குச் சோளக்காடு வந்திருக்க வேண்டும். இப்போது இரண்டரை.

மலைப்பாதையின் வளைவுகளில் புதைத்த கருவிகள் மண் எவ்வளவு நகர்கிறது என்று நிமிஷத்துக்கொரு தரம் அளந்து அனுப்பும். இந்த அறையின் ஹார்ட் டிஸ்க்கில் அது பதிவாகித் திரையில் தெரியும். ஐம்பத்தோராவது வளைவு காலையிலிருந்து 4.17 மில்லிமீட்டர் என்றே காட்டிக்கொண்டிருந்தது. ஐப்பசி மாத மண் அப்படி அசையாமல் கிடக்காது.

டிஸ்க் கெட்டிருக்கிறது. கெட்டதைச் சொல்ல வேண்டிய மென்பொருளான டிரைவரின் வாயை அடைத்தவன் அவனேதான். போன மாதம் அது ஓயாமல் பீப் அடித்து உயிரை வாங்கியதால், 'படிக்க முடியாவிட்டால் கடைசியாகப் படித்த எண்ணையே கொடுத்துவிட்டுச் சும்மா இரு' என்று மாற்றி எழுதியிருந்தான்.

"பஸ்ஸுக்குத்தான் டிரைவருன்னு நெனைச்சேன். பொட்டிக்கும் ஒருத்தராங்க?" டீ டம்ளரை வைத்தாள் அலுவலக உதவியாளர் பாவாயி. அவன் சிரிக்கவில்லை. திருத்தத்தை அழித்து, பிழை அறிவிப்பைத் திரும்ப உயிர்ப்பித்தான்.

ஜன்னலுக்கு வெளியே பகலையே விழுங்கிவிட்ட பனிமூட்டம் கம்பிகளுக்குள் புகுந்து, சந்தையில் காயாமல் கிடந்த மிளகின் காரநெடியோடு மேஜைவரை வழிந்து வர, டிஸ்க்குக்குள் ஊசிமுனை ஒரே இடத்தை டொக்... டொக்... என்று தடவித் தடவி எதையோ தேடிக்கொண்டிருந்தது.

செல்போன் அடித்தது. மெஹ்ரின்.

"ஏனுங்க, அம்பத்தொண்ணாவது வளைவுல இருக்கோம். ஆஸியா தூங்குது. குளுருதுங்க."

உயிர் வந்தது. "எறங்கு மெஹ்ரின்! பஸ்ஸை நிறுத்தச் சொல்லு!"

ஒரு சின்ன இருமல். தூரத்தில் ஹாரன். "ஏனுங்க, அம்பத்தொண்ணாவது வளைவுல இருக்கோம். ஆஸியா தூங்குது. குளுருதுங்க."

"நான் சொல்றது கேக்குதா?"

அதே இருமல். அதே ஹாரன். "ஏனுங்க, அம்பத்தொண்ணாவது..."

போன் கைதவறி விழுந்தது.

பீப்.

திரையில் சிவப்பு. பிழை. மறுபடி பிழை. டிரைவர் விடாமல் படித்தது. 4.17 அழிந்தது. மறைந்து கிடந்த அளவுகள் ஒவ்வொன்றாக ஏறின. ஒன்பது. இருபத்திரண்டு. அறுபது.

வெளியே பிரேக் சத்தம். கதவு திறந்தது.

"அட, வந்துட்டாங்க பாருங்க!" பாவாயியின் குரல் துள்ளியது. "வா கண்ணு! அத்தா உள்ளதான் இருக்காரு."

அவனால் திரும்ப முடியவில்லை. கடைசி இரண்டு வரிகள் வந்துகொண்டிருந்தன.

மணி 1.31. வளைவு 51. கனமான வண்டியின் அதிர்வு.

மணி 1.32. வளைவு 51. முழுச் சரிவு. சாலை இல்லை.

பின்னாலிருந்து இரண்டு சின்னக் கைகள் அவன் கண்களைப் பொத்தின. விரலிடுக்கெல்லாம் ஈர மண்.