கடைசித் தெரு வால்வு

மோட்டார்காரர் தட்டியது மூன்று முறைதான். நான்காவது சத்தம் எங்கிருந்து வந்தது?

ஊர்க் குடிநீர்த் தொட்டியில் அளவு காட்டும் கருவி செத்து எத்தனையோ வருஷம். அலுவலகத்தில் கேட்டால் "வந்துடும்பா" என்பார்கள். எங்கே வந்தது, எமனா கொண்டுவருவான்! அதனால் இரும்புத் தொட்டியின் விலாவில் ஸ்பேனரால் தட்டித்தான் பார்ப்பார். காலியென்றால் கணீரென்று கேட்கும், நிறைந்திருந்தால் மொத்தென்று.

பழைய ஆழ்குழாய் வற்றிப்போய், புதிதாகத் தோண்டி இன்றுதான் முதல் தண்ணீர். தோண்டும்போது பாறைக்குக் கீழே துளைக்கருவி வெற்றிடத்தில் பொத்தென்று விழுந்தது. "கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாயிடப் போவுதுங்க" என்று துளைபோட வந்த லாரிக்காரன் சிரித்தான். மூடிவிடலாம் என்று இவர் கெஞ்சியும் யாரும் காதில் வாங்கவில்லை.

வீட்டிலும் மத்தளம்போல அவருக்கு இடிதான். அவர் வீடு கடைசித் தெருவில். தண்ணீர் எப்போதும் கடைசியாகத்தான் வரும். "ஊருக்கெல்லாம் தண்ணி விடுறீங்க, நம்ம குழாய்ல காத்துதான் வருது" என்று காலையில் மனைவி பிடித்துக்கொண்டாள். போங்கடா என்று, தொட்டியைக்கூடப் பார்க்காமல், இன்று கடைசித் தெரு வால்வைத்தான் முதலில் திறந்துவிட்டிருந்தார்.

இப்போது இரண்டு முறை தட்டினார்.

உள்ளேயிருந்து மூன்று.

மூடிக்கிடந்த அறையில் வருவதுபோல் ஓர் ஈரவாடை தொட்டியிலிருந்து இறங்கி, வெயிலிலும் அவர் கழுத்தைச் சில்லிட வைத்தது. மோட்டாரை நிறுத்தினார். வால்வுக்கு ஓடினார். துருப்பிடித்த சக்கரம் அசைய மறுத்தது. "சனியனே, சுத்தித் தொலை!" உள்ளங்கை கிழிந்த பிறகுதான் மூடியது. மனைவிக்குப் போன் போட்டார்.

"குழாய்த் தண்ணியைத் தொடாதே! பாப்பாவுக்குக் குடுக்காதே!"

"நல்லா இருக்கே! என்னைக்கும் இல்லாம இன்னைக்குத்தான் பீச்சி அடிக்குது. தெருவே பிடிச்சு வெச்சாச்சு. பாப்பா ரெண்டு டம்ளர் குடிச்சுட்டா, இனிக்குதும்மாங்கறா. நானும்..."

பேச்சு நின்றது. டம்ளரை எதிலோ தட்டும் சத்தம்.

டொக்.

"பாப்பா? ஏய், யாராவது பேசுங்க!"

வீட்டுக்கு ஓடினார். ஒரு நாள், ஒரே ஒரு நாள் வீட்டுக்கு முதலில் கொடுத்தது குற்றமா? தெருவில் ஆளில்லை. குழாயடியில் நிறைந்த குடங்கள். சண்டை போட, ஏச, ஒருத்தர்கூட வெளியே இல்லை. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது.

அவர் வீட்டுக் கதவும்.

தட்டினார். மூன்று முறை.

உள்ளேயிருந்து நான்கு. கதவின் அடிப்பக்கத்தில், மகளின் உயரத்தில்.

"பாப்பா... அப்பா வந்திருக்கேன்டா. கதவைத் திற."

வாசற்படிக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து அவர் செருப்பை நனைத்தது. கை தானாகப் பின்வாங்கியது. அவர் அதற்குமேல் தட்டவில்லை.

எதிர்வீட்டுக் கதவில் ஐந்து.

அதற்கடுத்த வீட்டில் ஆறு.