குருசடிப் பிள்ளைகள்

கல்குருசின் அடியில் காலையில் யாரோ கொட்டிய நேர்ச்சை உப்பு ஒரு பரல்கூட இல்லாமல் நக்கப்பட்டிருந்தது. ஆடுதான். மருங்காபுரிச் சாலையோரத்து இந்த ஊரில் சாமிக்கு வைத்ததை ஆடு தின்னும், ஆடு விட்டதை உபதேசியார் தின்பார் என்று நினைத்துக்கொண்டாள் பாக்கியமேரி.

ஊரில் பி.ஏ. முடித்த முதல் ஆள் அவள். திருச்சியில் டீச்சர். நேற்று தங்கை சவேரியம்மாளுக்குப் பிறந்த பெண்குழந்தை, ஞானஸ்நானம் கொடுக்க உபதேசியார் வருவதற்குள் இறந்துவிட்டது. தலையில் தண்ணீர் படாத பிள்ளைக்குக் கல்லறையில் இடம் கிடையாதாம். பழந்துணியில் சுற்றி இந்தக் குருசடியில் புதைத்துவிட்டுப் பெரிய மனிதர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். "பேரில்லாம எப்படிக்கா கூப்பிட்டு அழுவேன்" என்று கேட்ட தங்கை, அதன்பின் ஒரு வாய் கஞ்சிகூடக் குடிக்காமல் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். அவளைப் பிழைக்கவைக்க ஒரு பெயர் வேண்டும். அதற்குத்தான் இந்தச் சொம்புத் தண்ணீர்.

உபதேசியார் இன்னாசிராஜ் சைக்கிளை நிறுத்தினார்.

"செத்ததுக்குத் தண்ணி ஊத்தக் கூடாது டீச்சர். பாவம்."

"உசிரோட இருந்தப்ப எங்க போனீங்க? ஆள் விட்டமே."

"பண்ணை வீட்ல செபம். பாதியில எந்திரிச்சு வர முடியுங்களா?"

"அதெப்படி. கறிச்சோறு ஆறிடுமே."

"பி.ஏ.ல மரியாதை சொல்லித் தரலைபோல."

"இல்லீங்க. மெழுகுவத்தி விக்கறதும் சொல்லித் தரல."

அவருக்குக் கோபம் வரவில்லை. "எங்க தாத்தன் காலத்துலேருந்து தண்ணி படாத பிள்ளைங்கள எல்லாம் இங்கதான் பொதைக்கிறோம். ஒண்ணுக்கு மட்டும் ஊத்தாதீங்க" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மிதித்தார். கோழை.

கோயில் மணி அடித்து ஓய்ந்தது. கருகிய திரியும் எண்ணெய்ப் பிசுக்கும் வெயில் குடித்த கருங்கல்லும் சேர்ந்து நாறிய காற்றில், குருசின் நிழல் சாலையைத் தாண்டி வரகுக்கொல்லை வரை நீண்டு மெல்ல மங்கிக்கொண்டிருக்க, அவள் புதுமண்ணருகே மண்டியிட்டு, தங்கை ஆசைப்பட்ட பெயரைச் சொன்னாள்.

"தெரேசா. பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்து நாமத்தினாலே."

ஊற்றினாள். மண் சப்புக்கொட்டியது.

காய்ந்த மண்ணில் தண்ணீர் இறங்கினால் சத்தம் வரும். எட்டாம் வகுப்புப் பாடம்.

அடுத்த சப்பு முதுகுக்குப் பின்னால் கேட்டது. அங்கே அவள் ஊற்றவில்லை.

இடப்பக்கம் ஒன்று. சாலையோரம் ஒன்று. பச்சைப்பிள்ளை உச்சந்தலையின் வாடை. எழுந்திருக்கப் பார்த்தாள். கால் வைக்க இடமில்லை.

மண் விரிந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு நெற்றி. பக்கத்தில் இன்னொன்று. குருசைச் சுற்றி, சாலை வரைக்கும், வெள்ளரிக்கொல்லையில் காய் கிடப்பதுபோல. கண் திறக்காத முகங்கள். அண்ணாந்து. பொறுமையாக.

சொம்பைக் கவிழ்த்தாள்.

ஒரே ஒரு சொட்டு விழுந்தது.

அத்தனை தலையும் அந்தப் பக்கம் திரும்பின.