தள்ளாடிய வயலின்

மாலை 5.17. கண்ணாடிக்கடைக்காரர் வெள்ளைப் பருத்திக் கையுறைகளை மாட்டிக்கொண்டு, உறையிலிருந்து இசைத்தட்டை உருவினார். வழக்கம்போல அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

"இது என்னுது இல்ல."

இசைத்தட்டின் நடுவில் ஒட்டியிருந்த காகித வட்டத்தில், 'தட்டச்சுப் பயிற்சிக்கான தாள இசை, நிமிடத்துக்கு நாற்பது சொற்கள்' என்று அச்சிட்டிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் அந்த அறையே விழுந்து விழுந்து சிரித்திருக்கும். இன்று யாரும் சிரிக்கவில்லை.

அந்த உறைக்குள் இருந்திருக்க வேண்டியது மூன்று சகோதரிகளின் பாட்டு. எங்கோ ஒரு தொலைதூர மலையில் ஆடு மேய்த்த மூன்று பெண்கள், ஐம்பது வருடங்களுக்கு முன்னால், மேய்ச்சல் வெளியிலேயே நின்று பாடியது. பின்னணியில் ஆட்டு மணிச் சத்தம்கூடக் கேட்கும். அச்சிட்டதே முந்நூறு பிரதிகள்தான். இந்த ஊரில் அது இரண்டே பேரிடம் இருக்கிறது என்பது அந்த இசை வட்டத்தின் கணக்கு. ஒன்று கண்ணாடிக்கடைக்காரரிடம். இன்னொன்று ரேடியோ மெக்கானிக்கிடம். மெக்கானிக்கின் பிரதிக்கு அட்டை உறை கிடையாது. கரையான் தின்றுவிட்டதாக அவரே பல முறை வருத்தப்பட்டிருக்கிறார்.

வட்டம் என்றால் பெரிய சங்கம் என்று நினைத்துவிட வேண்டாம். மொத்தம் நான்கு பேர். கண்ணாடிக்கடைக்கு மேலே உள்ள மாடி அறையில் ஞாயிறுதோறும் நான்கு மணிக்குக் கூடுவார்கள். உலகத்தின் எந்த மூலையில் எந்த மீனவன், எந்த இடையன் பாடியிருந்தாலும் சரி, தங்களுக்குப் பிடித்த இசைத்தட்டை உறையோடு கொண்டுவந்து மற்றவர்களுக்குப் போட்டுக் காட்டுவார்கள். பிறகு ஒரு மணி நேரம் சண்டை போடுவார்கள். மேற்சொன்ன இருவரைத் தவிர, நூலகர் ஒருவர். நான்காவது ஆள் இன்ஸ்பெக்டரம்மா. உலகத்துத் தாலாட்டுகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி.

வட்டத்துக்குச் சில விதிகள் உண்டு. இசைத்தட்டுகள் இருக்கும் அறையில் தேநீர் கூடாது. பால்கனியில்தான் குடிக்க வேண்டும். கிளம்பும்போது எல்லோரும் தங்கள் உறையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஒருமுறை நூலகர் வீட்டுக்குப் போய் உறையைப் பிரித்தபோது உள்ளே வேறு யாருடைய முரசோ இருந்தது. அன்றிலிருந்து இந்த ஏற்பாடு. மூன்றாவது விதி, சகோதரிகளின் இசைத்தட்டைக் கண்ணாடிக்கடைக்காரரைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. வட்டம் தொடங்கிய நாளில், வருடத்துக்கு ஒரே ஒரு முறை, முதல் பக்கத்தை மட்டும் அவரே போடுவார்.

இன்று அந்த நாள். ஆனால் இன்ஸ்பெக்டரம்மாவுக்கு ஸ்டேஷனில் வேலை நீண்டுவிட்டது. அவர் சீருடையோடு மாடியேறி வந்தபோது மணி 5.05. சகோதரிகள் பாடி முடித்து, தேநீரும் முடிந்து, நூலகர் கொண்டுவந்த தீவு வயலின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சுருதி ஒருமாதிரி மேலே போவதும் கீழே வருவதுமாக இருந்தது.

"என்ன சார், உங்க வயலின்காரர் கொஞ்சம் போட்டுட்டு வந்து வாசிக்கிறாரா?" என்று கேட்டபடியே அவர் உட்கார்ந்தார்.

நூலகர் முகம் சுண்டிப் போனது. தன் வீட்டில் அந்த மனிதர் மிக ஒழுக்கமாக வாசித்தார் என்றார். மெக்கானிக் உடனே எழுந்து ஊசியைத் தூக்கினார். ப்ளேயரில் தட்டைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்துவிட்டது, பட்டறைக்கு எடுத்துப் போய்ச் சரிசெய்து அடுத்த ஞாயிறு கொண்டுவருகிறேன் என்றார். நூலகரின் இசைத்தட்டை எடுத்து அவரிடமே பத்திரமாகக் கொடுத்தார். ப்ளேயரை மூடி, ஒயரைச் சுற்றிக் கதவோரம் வைத்தார். ஆறு வருடமாக அந்த ப்ளேயரைப் பார்த்துக்கொள்வது அவர்தான்.

அப்போதுதான் இன்ஸ்பெக்டரம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். அடுத்த மாதம் மாற்றலாகிப் போகிறோம், அந்தப் பாட்டை இனி எப்போது கேட்பது என்று தெரியவில்லை, பழைய சின்ன ப்ளேயர் ஒன்று கீழே இருக்கிறதே, அதில் ஒரு தடவை போட்டுக் காட்ட முடியுமா? கண்ணாடிக்கடைக்காரர் மனம் இளகி, விதியை மீறினார். மீறியதால்தான் திருட்டு தெரியவந்தது. இல்லாவிட்டால் தட்டச்சு இசை அடுத்த வருடம்வரை அந்த உறைக்குள் சுகமாகத் தூங்கியிருக்கும்.

மணி 5.20. கண்ணாடிக்கடைக்காரர் மகளைக் கூப்பிட்டார்.

"உன் வீட்டுக்காரரை மேல வரச் சொல்லு."

"எதுக்குப்பா?"

"வரச் சொல்லு."

மகளுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். மாப்பிள்ளை அதே கடையில் லென்ஸ் தீட்டுகிறவர். அதிகம் பேசாதவர். மாமனாருக்கு ஆரம்பத்திலிருந்தே அவரைப் பிடிக்கவில்லை. நான்கு மாதமாக ஒரு ஞாயிறுகூட மாடியில் உட்கார்ந்து ஒரு பாட்டுக் கேட்காத ஆள் என்ன ஆள் என்பது அவர் கட்சி. மாடிக்கு வாருங்கள் என்று தாம் ஒருநாளும் அழைத்ததில்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

மாப்பிள்ளைக்கு எதிராக விஷயங்கள் மளமளவென்று சேர்ந்தன. 4.30-க்குத் தேநீர் கொண்டுவந்தவர் அவர். 4.40-க்குக் கோப்பைகளை எடுக்க வந்தவரும் அவர்தான். கண்ணாடி அலமாரி முன்னால் அவர் குனிந்து நின்றதை நூலகர் பால்கனியிலிருந்து பார்த்திருந்தார்; மனமில்லாமல்தான் சொன்னார். பெரிய ட்ரேயின் மேல் துணி போட்டு மூடியிருந்தது. அதற்கும் மேலாக, 4.50-க்கு அவர் தட்டையான ஒரு சதுரப் பார்சலோடு கூரியர் கடைக்குப் போய்வந்திருந்தார்.

"பார்சல்ல என்ன?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

"முகம் பார்க்கிற கண்ணாடி, மேடம். கீறல் இருந்துச்சு. கம்பெனிக்கே திருப்பி அனுப்பினேன்."

"ஞாயித்துக்கிழமை சாயந்திரமா?"

"கடையில ஆள் இல்லாத நேரம் அதுதான்."

கண்ணாடிக்கடைக்காரர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது மற்றவர்களுக்கு. புகார் எழுதிக்கொள்ளுங்கள் என்று இன்ஸ்பெக்டரம்மாவிடம் சொன்னார். இன்று இரவே அந்த ஆள் கடையை விட்டும் வீட்டை விட்டும் போயாக வேண்டும் என்றார். மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவர் போனா நானும் போறேன்ப்பா. திரும்ப வர மாட்டேன்," என்றாள்.

அவள் சொன்னதைச் செய்கிறவள் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

"அரை மணி நேரம் குடுங்க," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "அதுக்கப்புறமும் எழுதணும்னா நானே எழுதுறேன்."

5.25 முதல் 5.45 வரை தேடல். அலமாரியிலிருந்த நூற்று நாற்பது உறைகளையும் மகளே ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். நூலகரின் உறையில் வயலின் இருந்தது. மெக்கானிக்கின் உறையில் அவர் போட்டுக் காட்டக் கொண்டுவந்திருந்த படகோட்டிப் பாட்டு இருந்தது. அவருடைய கருவிப் பையில் இசைத்தட்டு அல்ல, சாப்பாட்டுத் தட்டே நுழையாது. பால்கனிக்குக் கீழே பூந்தொட்டிகள் மட்டும்தான். கூரியர் கடைக்காரருக்குப் போன் செய்தார்கள். பார்சல் வண்டியேறிவிட்டதாம், நாளைக்குத்தான் பிரித்துப் பார்க்க முடியுமாம்.

சுவரில் வட்டத்தின் முறைப் பட்டியல் தொங்கியது. யார் எந்த ஞாயிறு, எந்த இசைத்தட்டு என்று நூலகரின் கையெழுத்தில் எழுதியிருந்தது. இன்ஸ்பெக்டரம்மா அதன் முன்னால் சற்று நேரம் நின்றார். அடுத்த ஞாயிறுக்கு நேரே, 'மெக்கானிக்: மூன்று சகோதரிகள், இரண்டாம் பக்கம் (அட்டையில்லாப் பிரதி, ஒருவழியாக!)' என்று இருந்தது.

"இது யார் ஏற்பாடு?"

தன் ஏற்பாடுதான் என்றார் நூலகர். இரண்டாம் பக்கத்தைக் கண்ணாடிக்கடைக்காரர் போடவே மாட்டேன் என்கிறார், மெக்கானிக்கிடம்தான் ஒன்று இருக்கிறதே, ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார், கொண்டுவந்தால் என்ன என்று இன்ஸ்பெக்டரம்மா வராத போன வாரம் இருவருமாக மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டார்களாம்.

இன்ஸ்பெக்டரம்மா தலையாட்டிவிட்டுக் கீழே இறங்கினார்.

மணி 5.50. மாப்பிள்ளை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கீழிருந்து ஐந்தாவது படி. அந்தப் படியின் ஓரத்தில் மட்டும் தூசி இல்லை என்பதை இன்ஸ்பெக்டரம்மா கவனித்தார்.

"இங்கதான் உக்காருவீங்களா?"

அவர் சட்டென்று எழப் போனார்.

"ஞாயித்துக்கிழமையா?"

"இங்கேருந்து நல்லாக் கேக்கும், மேடம்," என்றார் மெதுவாக. "மாமாவுக்குச் சொல்ல வேண்டாம்."

"அலமாரிகிட்ட என்ன பண்ணீங்க?"

"அட்டைக்குப் பின்னால எழுதியிருந்ததைப் படிச்சேன். அந்த மூணு பேர்ல யார் மூத்தவங்கன்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு. கண்ணாடி வழியாத்தான் படிச்சேன், கதவைத் திறக்கல."

இன்ஸ்பெக்டரம்மா அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். இன்று என்னென்ன கேட்டது, முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார். மாப்பிள்ளை சொன்னார். சகோதரிகளின் பாட்டில் ஆட்டு மணி எந்த இடத்தில் வந்தது என்பதுவரை சொன்னார். பிறகு வயலின், அது தள்ளாடியது.

"பெல்ட் தளர்ந்துடுச்சாம்."

"பெல்ட்டா?" மாப்பிள்ளை யோசித்தார். "அப்படின்னா அக்கா தங்கச்சிங்க பாட்டும் ஆடியிருக்கணுமே. அது நூல் பிடிச்ச மாதிரி நேராப் போச்சு. நடுவுல டீ மட்டும்தானே குடிச்சாங்க?"

இன்ஸ்பெக்டரம்மா எழுந்துகொண்டார். வாங்க, மேலே போகலாம் என்றார்.

மணி 6.02. அறையில் எல்லோரும் இருந்தார்கள். ப்ளேயர் கதவோரமாகவே இருந்தது. மெக்கானிக் அதன் கைப்பிடியில் கை வைத்திருந்தார். கடை மூட நேரமாகிறது, கிளம்பட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் இருங்கண்ணே. அந்த வயலினை இன்னொரு தடவை போட்டுட்டுக் கொண்டு போங்க."

"வேண்டாம் மேடம், மோட்டார் கருகிடும்."

"பெல்ட்னு சொன்னீங்க?"

மெக்கானிக் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார்.

"திறந்துகூடப் பார்க்காம பெல்ட்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னுதான் நான் வந்ததிலேருந்து யோசிக்கிறேன்," என்றபடி இன்ஸ்பெக்டரம்மா ப்ளேயரை மேசைமேல் தூக்கி வைத்து மூடியைத் திறந்தார். சுழலும் உலோக வட்டத்தின் மேல் கறுப்புக் கம்பளித் துணி விரித்திருந்தது. இசைத்தட்டு வழுக்காமல் இருப்பதற்காக எப்போதும் அங்கே இருக்கும் துணி. அவர் கண்ணாடிக்கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"கையுறையை மாட்டிக்கிட்டு நீங்களே எடுங்க. உங்க பொருள்."

கண்ணாடிக்கடைக்காரர் துணியின் விளிம்பைப் பிடித்துத் தூக்கினார். அடியில் மூன்று சகோதரிகள் இருந்தார்கள்.

இன்ஸ்பெக்டரம்மா வேகமாகச் சொல்லி முடித்தார். தேநீர் நேரத்தில் அறையில் தனியாக இருந்தவர் மெக்கானிக். அடுத்ததைப் போட அவர்தான் எப்போதும் உள்ளே நிற்பார். எப்போதும் நிற்கிறவர் நிற்பது யார் கண்ணிலும் படாது. தட்டச்சு இசை அவருடைய உறைக்குள் படகோட்டிக்குப் பின்னால் ஒளிந்து வந்தது. வரும்போது யாரும் உறையைத் திறந்து பார்ப்பதில்லையே, போகும்போதுதானே பார்க்கிறோம். அதனால் திருடியதை உறையில் வைத்துக் கொண்டுபோக முடியாது. ஆனால் ப்ளேயரை யாரும் சோதிக்க மாட்டார்கள். பெல்ட் போய்விட்டது என்று சொல்லி ப்ளேயரோடு தூக்கிப் போய்விடலாம். கணக்கில் ஒன்றே ஒன்று பிசகியது. உலோகத்தின் மேல் கம்பளி பிடித்து நிற்கும். வழவழப்பான இசைத்தட்டின் மேல் நிற்காது. துணி வழுக்கியது, வயலின் தள்ளாடியது.

"ஆனா அவர்கிட்டதான் சொந்தமா ஒண்ணு இருக்கே? அவர் எதுக்கு எடுக்கணும்?" என்றார் நூலகர்.

"அதனாலதான் யாருமே அவரைச் சந்தேகப்படல. ஏண்ணே, இருக்கா?"

மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இல்லை என்றார். ஆறு வருடத்துக்கு முன்னால், வட்டத்தில் சேர்ந்த முதல் நாள், எல்லோரும் தங்களிடம் இருப்பதை அடுக்கிக்கொண்டே போனபோது வாய் தவறி ஒரு பொய் வந்துவிட்டது. அட்டை எங்கே என்று கேட்டார்கள், கரையான் வந்தது. அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. போன வாரம் நூலகர் பட்டியலில் பெயரை எழுதியபோது மாட்டேன் என்று சொல்ல வழியில்லாமல் போனது. ஒரே ஒரு ஞாயிறு போட்டுக் காட்டிவிட்டு, யாருக்கும் தெரியாமல் உறைக்குள் திரும்ப வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தார்.

"சத்தியமாத் திருப்பி வெச்சிருப்பேன் மேடம்."

"வெச்சிருப்பீங்க, நம்புறேன். யாருக்கும் தெரியாம எடுத்தீங்க, ஒரு வாரக் கடன்னுகூடச் சொல்லிக்கலாம். ஆனா முக்கால் மணி நேரமா இவரைத் திருடன்னு சொன்னாங்களே, நீங்க வாயைத் திறக்கலையே. அதுக்கு என்ன பேருண்ணே?"

மெக்கானிக் எழுந்தார். மாப்பிள்ளையைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு படகோட்டிப் பாட்டை எடுத்துக்கொண்டு போனார். விதிப்படி வாசலில் நின்று உறையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போனார்.

புகார் எழுத வேண்டுமா என்று இன்ஸ்பெக்டரம்மா கேட்டார். கண்ணாடிக்கடைக்காரர் வேண்டாம் என்று கையை அசைத்தார். அவர் கண்கள் மாப்பிள்ளையைத் தேடின. மாப்பிள்ளை வழக்கம்போல அறைக்கு வெளியே, படிக்கட்டின் தலைமாட்டில் நின்றிருந்தார்.

"அவர் எங்க உக்காந்து பாட்டுக் கேக்கிறார்னு தெரியுமா சார்?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. சொல்ல வேண்டாம் என்று மாப்பிள்ளை கேட்டுக்கொண்டது அவருக்கு நினைவில்லாமல் இல்லை. இருந்தாலும் சொன்னார். ஐந்தாவது படியைப் பற்றியும், நூல் பிடித்த மாதிரி நேராகப் போன பாட்டைப் பற்றியும் சொன்னார்.

வெட்கம் கண்ணாடிக்கடைக்காரர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"தப்பு எம்மேல மாப்பிள்ளை. பெரிய தப்பு," என்றார். பிறகு கையுறைகளை நீட்டினார். "கையைக் கழுவிட்டு வந்து நீங்க போடுங்க. இன்ஸ்பெக்டரம்மா கேக்கணுமாம்."

மாப்பிள்ளை கை கழுவிவிட்டு வந்தார். கையுறை கொஞ்சம் பெரிதாக இருந்தது. அவர் துணியைச் சரியாக விரித்து, இசைத்தட்டை அதன்மேல் வைத்தார். ஊசியை இறக்கப் போனவர் நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"மாமா, ரெண்டாம் பக்கம் போடட்டுமா? இதுவரைக்கும் நான் அதைக் கேட்டதில்ல."

வருடத்துக்கு ஒருமுறை, முதல் பக்கம் மட்டும் என்பது விதி. கண்ணாடிக்கடைக்காரர் தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"போட்டுட்டு வந்து இங்க உக்காருங்க," என்றார்.