பெயர் திரும்பிய சாலை

ஏணியைச் சாய்ப்பதற்கு முன் பரிதிவாணன் காதில் செவிமொழியானைச் செருகிக்கொண்டான். அன்று கழற்றவேண்டியவை ஒன்பது பலகைகள். எட்டு முடிந்துவிட்டன. ஒன்பதாவது அவன் குடியிருந்த தெருவினுடையது: நிப்மக் சாலை.

பெயர்மீட்புச் சட்டம் வந்து ஆறு மாதம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், அந்த மண்ணின் பூர்வகுடிகளான நிப்மக் மக்களின் பெயரைச் சுமந்த சாலை, ஏரி, பள்ளிக்கூடம் எல்லாம் அதை அவர்களிடமே திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பலகை இறங்கிய நொடியில் வரைபடத்தில் அந்த முகவரி அணைந்துவிடும். புதுப்பெயர் வர மாதக்கணக்காகும். விவரம் தெரிந்தவர்கள் முன்பே காலிசெய்துவிட்டார்கள். வாடகை மலிவு என்று வந்து மாட்டிக்கொண்டது இவனைப் போன்ற புதியவர்கள்தான்.

பெயரைப் பெற்றுக்கொள்ள வந்த ரூத், கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டாள். நிப்மக் பெண், ஐம்பது வயதிருக்கும். அவள் ஆங்கிலம் செவிமொழியானில் மதுரைத் தமிழாக விழுந்தது; அவள் காதிலும் ஒன்று இருந்தது.

"என்னப்பா, எட்டையும் மளமளன்னு கழட்டுன. இதுக்கு மட்டும் ஏன் தயங்குற?"

"அக்கா, ரெண்டே நாள் விடுங்க. என் தங்கச்சி இன்னைக்கு ஃப்ளைட் ஏறுறா. அவ விசாவுல இந்த அட்ரஸ்தான் இருக்கு. இது அணைஞ்சா ஏர்போர்ட்லயே திருப்பி அனுப்பிருவாங்க."

"நான் என்ன செய்யணுங்கிற?"

"உங்க ஆளு ஒருத்தர் இந்தத் தெருவுல குடியிருக்காருன்னு கையெழுத்துப் போட்டா பேரு இருக்கலாம். சட்டத்துலயே இருக்குக்கா."

ரூத் வரிசையாக நின்ற வீடுகளைப் பார்த்தாள். "எனக்குத் தெரிஞ்சு எங்க ஆளு யாரும் இங்க வீடு வாங்குனதில்ல. வசதி இல்ல. நாங்க இல்லவே இல்லன்னு எவனோ எழுதுன பொய்யிலதான் எங்க நெலம் போச்சு. இருக்கோம்னு நான் பொய் எழுத மாட்டேன்."

"ஒரே ஒரு கையெழுத்துதானேக்கா."

"எங்க கிட்டயும் அப்படித்தான் கேட்டாங்க."

அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

திருகாணிகள் நான்கு. மூன்றைக் கழற்றியபின் கைபேசியை வாயருகே பிடித்து, பேச்சை எழுத்தாக்கி அனுப்பும் பேச்செழுதியில் தங்கைக்குச் சொன்னான்: "யாழ்மொழி, ஃப்ளைட் ஏறாத. பெட்டியத் திருப்பி வாங்கிக்க. அம்மாட்ட நான் பேசிக்கிறேன்."

நான்காவதையும் கழற்றினான்.

பலகையை வாங்கிய ரூத், வண்டியில் கிடந்த எட்டின் மேல் அதையும் போட்டாள். "எங்களுக்கு மிஞ்சுனது நாலு ஏக்கர்கூட இல்ல. இதையெல்லாம் எங்க வைக்கன்னே தெரியல," என்றபடி நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

தங்கையின் பதில் வந்தது: "சரிண்ணா. நான் அழல. நீ இப்ப எங்க இருக்க?"

பரிதிவாணன் சுற்றிலும் பார்த்தான். மொட்டைக் கம்பம், ஏரி, முகவரி அணைந்துபோன அவனுடைய வாடகை வீடு. பேச்செழுதி அவன் வாய் திறக்கக் காத்திருந்தது.