தேயாத தொடுமுனை

"சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் பாதி வேலையைத்தான் செய்தான். மீதியை நான் முடித்துவிட்டேன்."

காலை வானொலி அழைப்பில் டெல்சன் இதைச் சிரிக்காமல் அறிவித்தான். மன்னார் வளைகுடாவில், கோபுரத்துக்கு ஓர் ஆளாக, வானிலைக் கோபுரங்கள் நின்றன. சூரியன் ஏறியதும் எல்லோரும் அலைவரிசையில் வந்து, உயிரோடு இருப்பதாகத் தெரிவித்துவிட்டுப் போவது வழக்கம். டெல்சனுக்கு அன்று அது மட்டும் போதவில்லை.

"அப்படி என்னத்த முடிச்ச, சொல்லித் தொலை," என்றாள் பக்கத்துக் கோபுரத்து ஜெனோவா. பக்கத்து என்றால், கடலில் நட்ட குச்சி போலக் கண்ணுக்குத் தெரியும் தூரம்.

"என் தொடுமுனை தேயாதுக்கா. இனிமே எப்பவுமே தேயாது."

ஒவ்வொரு கோபுரத்தின் உச்சியிலும் ஒரு துல்லியக்கண் உண்டு. வானத்தையும் கடலையும் பார்த்தபடி ஓயாமல் சுழலும். சுழல்கிற பொருளுக்கு ஒயர் இழுத்தால் முறுக்கிக்கொள்ளும். அதனால் அதன் அடியில் ஒரு வெண்கல வளையம், தொடுமுனைகளாக அதை உரசியபடி கரித்துண்டுகள். அந்த உரசல் வழியாகத்தான் மின்சாரம் மேலே ஏறும், சேதி கீழே இறங்கும். உரசுவதால் கரி தேயும், தேய்ந்தால் அளவு பிசகும். டெல்சன் கரியைக் கழற்றி எறிந்துவிட்டு, காற்றுப் புகாத கிண்ணத்தில் திரவ உலோகத்தை நிரப்பி, முனையை அதற்குள் நீந்தவிட்டான். உரசலும் இல்லை, கரித்தூளும் இல்லை.

"அப்ப கரி மாத்துற சூசை அண்ணன் உங்கிட்ட வரமாட்டாரே?"

"வந்து என்ன செய்யப்போறாரு?"

எரிபொருள் அருகிப்போன காலத்தில் வந்த விதி ஒன்று இருந்தது. கோபுரத்து எந்திரம் தானாகத் 'தேய்மானம்' என்று கூவினால்தான் கரையிலிருந்து படகு கிளம்பும். மனிதர்கள் கூவினால் கிளம்பாது. பிறந்தநாள் தேய்மானத்தில் சேராது. தனிமையும் சேராது, அதை அளக்க வானிலைத் துறையிடம் கருவி இல்லை. சாப்பாட்டை ஆளில்லா விமானம் போட்டுவிட்டுப் போகும்.

புதுக்கரி வளையத்தின் வளைவுக்குப் பதிய ஒரு பகல் பிடிக்கும். அதுவரை மாற்ற வந்தவர் கூடவே இருக்க வேண்டும் என்பதும் விதிதான். அந்தப் பகலில் சூசை மீன் பொரிப்பார், ஊர் வம்பு பேசுவார், கேரம் ஆடிக் கூசாமல் ஏமாற்றுவார். ஜெனோவா இதற்காகவே வளையத்தின் மூடியைத் திறந்துவைத்து உப்புக்காற்று வாங்கவிடுவாள். கரி சீக்கிரம் தேயும்.

டெல்சன் அதையும் அன்றைக்கு அலைவரிசையில் போட்டு உடைத்தான். "மீன் பொரிக்க ஆள் வரணும்னு மெஷினுக்கு உப்புக்காத்து காட்டுறீயளே! விஞ்ஞானத்துக்கே அவமானங்க்கா."

"நீ விஞ்ஞானியாவே இரு தம்பி. எனக்கு ஒரு மனுச மூஞ்சியப் பாக்கணும்."

தொடுமுனை சொன்னபடியே வேலை செய்தது. கரியின் சரசரப்பு அடங்கிய கோபுரத்தில் டெல்சனின் மூச்சு அவனுக்கே கேட்டது. வாரங்கள் போகப்போக, சாப்பாடு போட வரும் விமானத்திடம் ஊரில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரிக்கத் தொடங்கினான். அது பொட்டலத்தைப் போட்டுவிட்டுத் திரும்பியது.

ஒரு முற்பகலில் சூசையின் படகு அவன் கோபுரத்தைக் கடந்து போனது.

"அண்ணே! ஏறி வாங்க! ஒரு ஆட்டம் போட்டுட்டுப் போலாம்!"

"எப்படில வர? ஒம் மெஷின்ல கூப்பிடணும்! அது குத்துக்கல்லாட்டம் இருக்கு!"

படகு வேகம் குறையாமல் ஜெனோவாவின் குச்சியை நோக்கிப் போனது. வானொலியைத் திருகினான். கேரம் காய்கள் மோதும் சத்தம் கேட்டது. சிவப்பைத் தானே போட்டதாகச் சூசை சாதித்துக்கொண்டிருந்தார். ஜெனோவா வேண்டுமென்றே பேசும் பொத்தானை அழுத்தி வைத்திருந்தாள்.

"கேக்குதா தம்பி? நல்லாக் கேட்டுக்க," என்றாள். "உன்னோடது இந்தப் பருவம் முழுக்கப் பழுதில்லாம ஓடிட்டா எல்லாக் கோபுரத்துக்கும் அதையே மாட்டப்போறாகளாம். அப்புறம் படகு எதுக்குன்னு அதையும் நிறுத்திருவாகளாம். அண்ணன் இப்பத்தான் சொன்னாரு."

டெல்சன் வானொலியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தான். இதைவிட நல்ல தொடுமுனையை இனி யாரும் செய்யப்போவதில்லை என்பதில் அவனுக்கு இப்போதும் சந்தேகமில்லை. திருப்புளியை எடுத்துக்கொண்டு உச்சிக்கு ஏறினான்.

"என்னல, இருக்கியா?" என்றது கீழே வானொலி.

"வேலையா இருக்கேங்க்கா," என்று அவன் சொன்னது, அத்தனை உயரத்திலிருந்து அவளுக்குக் கேட்டிருக்காது.

முத்திரையைக் கீறி, திருகாணிகளைக் கழற்றி, கிண்ணத்தின் மூடியை நகர்த்தினான். காற்றுப் பட்டதும் பளபளத்த திரவத்தின் மேல், பாலில் படிவதுபோல, மங்கலாக ஓர் ஆடை படியத் தொடங்கியது. அது போதுமா என்று யோசித்தான். பிறகு விரலை எச்சில் தொட்டு உயர்த்தி, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, மூடியின் திறப்பை அந்தப் பக்கம் திருப்பிவைத்தான்.