கோகிலவாணி போட்ட ஒயரிங்

"பாட்டை நிறுத்துங்க... ஆம்ப் எரிஞ்சிடும்!"

பின் சீட்டிலிருந்து வந்த குரலில் வெற்றிவேலுக்குச் சுர்ரென்று ரோஷம் ஏறியது. திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்கு ஆறு வருஷமாக ஜீப் ஓட்டுகிறான். அவன் பாட்டை நிறுத்தச் சொல்ல இதுவரை யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. கண்ணாடியில் பார்த்தான். மழைச் சாரலில் நனைந்த முகம்... கெஞ்சாத, பயப்படாத இரண்டு கண்கள். அழகாக வேறு இருந்து தொலைத்தன!

"ஏன், பாட்டு புடிக்கலியா?"

"பாட்டு நல்லாத்தான் கீது. ஒயரிங்தான் சரியில்ல."

அடுத்த கொண்டை ஊசி வளைவில் பாட்டு பொட்டென்று நின்றது. ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு. மடியில் பலாப்பழத்தோடு உட்கார்ந்திருந்த செல்லியம்மாள் சிரித்தே விட்டாள்.

"பத்து நாளா இதே கதைதாம்மா. ரெண்டு வளைவு பாடும், மூணாவதுல படுத்துக்கும்."

போதாதா! காது மடல் சிவக்க, வண்டியை ஓரங்கட்டினான். அந்தப் பெண் பையிலிருந்து ஒயர் சோதிக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு, கேட்காமலே சீட்டுக்கடியில் குனிந்தாள்.

"நீங்க இன்னா, மெக்கானிக்கா?"

"எலக்ட்ரிகல் டிப்ளமா. வேலூர்ல கார் ஆடியோ கடையில ரெண்டு வருஷம். பேரு கோகிலவாணி. புதூர்நாட்டு மாதையன் பொண்ணு." நிமிர்ந்தாள். "இது யார் கைவேலை?"

"நான்தான்!" என்றான் கெத்தாக. "மலைத் திருவிழாவுக்கெல்லாம் சீரியல் செட்டு கட்றதே நான்தான். அதுல ஒரு பல்பு போனா மொத்தமும் போய்டும். அதான் ரெண்டு சப்வூஃபர் ஸ்பீக்கரையும் தனித்தனியா ஆம்ப்ல குடுத்துட்டேன்."

அவள் சிரித்தாள். வெளியே மழை வலுத்தது.

"பல்புக்குச் சரிங்க. இந்த ஸ்பீக்கர் ஒவ்வொண்ணுக்கும் தடை ரெண்டு ஓம். நீங்க குடுத்த மாதிரி குடுத்தா, சேர்ந்து ஒரே ஓம் ஆய்டும். இந்த ஆம்புக்குக் கொறைஞ்சது நாலு ஓம் வேணும். இல்லன்னா கரண்டை இழுத்து இழுத்து, சூடாகி, தானே நின்னுக்கும். பாவம்... அதுக்காவது அறிவு கீது."

"எனக்கு இல்லன்றீங்க?"

"நான் சொல்லலியே..."

அவன் செல்போன் வெளிச்சம் காட்ட, முதல் சப்வூஃபரின் மைனஸை இரண்டாவதின் பிளஸ்ஸோடு முறுக்கி, மிச்சமிருந்த இரண்டு முனைகளை ஆம்பில் மாட்டினாள். மீட்டர் மூன்றரையில் நின்றது.

"மீட்டர்ல கொஞ்சம் கம்மியாத்தான் காட்டும். நாலு ஓம்தான். முன்ன மாதிரி அதிராது, ஆனா நிக்காது."

நிற்கவில்லை. வளைவுக்கு வளைவு பாட்டும் சேர்ந்து மலையேறியது. கண்ணாடியில் அவன் பார்வை அடிக்கடி பின்னால் போனது... சாலையையும் கொஞ்சம் பார்த்தான் என்று வையுங்கள்.

"முப்பது ஜீப் ஓடுது இங்க. ஒரு ஒயர் போனாலும் கீழதான் எறங்கணும். நான் புதூர்நாட்டுலயே கடை போடப் போறேன்," என்றாள். "பொண்ணு கையில எவன் வண்டியக் குடுப்பான்னு அப்பா கேக்குறாரு. இந்த வாரத்துக்குள்ள ரிப்பேருக்கு ஒரு வண்டியாவது வரலன்னா ஓசூர் கம்பெனி வேலைதான்."

"வருவாங்க," என்றான் வெற்றிவேல். மனசாரத்தான் சொன்னான்.

புதூர்நாட்டு ஜீப் ஸ்டாண்டில் ஐந்தாறு டிரைவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "இன்னாடா, நிக்காம பாடுது! யார்றா பண்ணது?" என்றான் குமரேசன், பத்து நாளாக அவனைக் கிண்டலடித்துக்கொண்டிருந்தவன்.

அவள் பக்கத்தில்தான் நின்றாள். பாழாய்ப்போன நாக்கு!

"நான்தான். வேற யாரு?"

கோகிலவாணி ஒரே ஒரு பார்வை பார்த்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மழையில் நடந்து போனாள்.

காசா கேட்டேன்? செய்த வேலைக்கு என் பெயரைச் சொல்ல ஒரு வாய் வரவில்லையே... அந்த வாரம் முழுக்க அவளுக்கு இதே நினைப்பு. ஒரு வண்டியும் வரவில்லை. அவனுக்கோ பாட்டைப் போடவே கை கூசியது. ஒவ்வொரு பாட்டிலும் அந்தப் பார்வை இருந்தது.

"திங்கக்கிழமை ஓசூர் போவுதாம்பா அந்தப் பொண்ணு," என்றாள் செல்லியம்மாள்.

திங்கள் காலை. பெட்டியோடு குமரேசன் ஜீப்பில் ஏறக் காலெடுத்து வைத்தாள் கோகிலவாணி. வெற்றிவேலின் ஜீப் வந்து குறுக்கே நின்றது. அதன் பின்கண்ணாடி முழுக்க மஞ்சள் ஸ்டிக்கர்:

ஒயரிங்: கோகிலவாணி, புதூர்நாடு.

"எல்லாரும் கேளுங்கப்பா!" ஸ்டாண்டே திரும்பியது. "அன்னிக்குப் பொய் சொன்னேன். என் வண்டியக் கெடுத்தது நான். சரி பண்ணது இவங்க. இந்த மலையில இவங்க அளவுக்கு வேலை தெரிஞ்ச ஆளு யாரும் இல்ல!"

"பொம்பள கைவேலைக்கா அன்னிக்கு நெஞ்ச நிமித்தின?" என்றான் குமரேசன்.

"ஆமா. இப்பவும் நிமித்துறேன், பாரு!"

குமரேசன் தலையைச் சொறிந்தான். "ஏம்மா... என் வண்டியிலயும் ரெண்டு நாளா ஹெட்லைட்டு மங்கலா கீது. பாக்குறியா?"

கோகிலவாணி நிமிர்ந்து நின்றாள். கர்வத்தில்தான்! வெற்றிவேல் அருகே வந்தான். அத்தனை பேர் முன்னால் முழங்கிய குரல் இப்போது நடுங்கியது.

"போவாதீங்க... கண்ணாடியில பாத்தப்பவே உங்களப் புடிச்சுப் போச்சு."

அவள் அவனை நிதானமாகப் பார்த்தாள். கெஞ்சாத கண்கள்... ஆனால் மெல்ல ஈரமாகிவிட்டன.

"எனக்கு இன்னிக்குத்தான் புடிச்சிருக்கு," என்றாள்.

பெட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு, குமரேசன் ஜீப்பின் பானெட்டைத் திறக்கப் போனாள்.