பயிற்சி அறைக் கேமரா

எங்கள் கற்பித்தல் உதவி மையம் பல்கலைக்கழகத்திலேயே மிகப் பழைய கட்டடத்தில் இருக்கிறது. தேய்ந்த கல் படிகள், கை எட்டாத உயரத்தில் ஜன்னல்கள், எத்தனை முறை வெள்ளையடித்தாலும் போகாத சுண்ணாம்பு ஈரவாடை. புது ஆசிரியர்கள் முதல் வகுப்புக்கு முன் இங்குள்ள பயிற்சி அறையில் பாடம் நடத்திப் பார்ப்பார்கள். பேசுகிறவர் நகர நகர, கூரையிலிருக்கும் கேமரா தானாகவே திரும்பிப் படம் பிடிக்கும். அதைப் பார்த்து நான் குறை சொல்வேன். குறை சொல்லியே சம்பளம் வாங்குகிறவளிடம் பேய்க் கதையெல்லாம் எடுபடாது.

கேமராவை மாட்டியவர் எங்கள் டெக்னீஷியன். ‘ஒயர் அண்ணா’ என்போம். அவருடைய ஒரே மகள் இங்கேயே விரிவுரையாளராகச் சேர்ந்தாள். கூட்டத்தைக் கண்டால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

“நீ வந்து உக்காந்து கேளுப்பா. ஒரு ஆள் இருந்தா தைரியமா இருக்கும்” என்று ஒரு வாரம் கெஞ்சினாள்.

அவருக்குத் தலைக்கு மேல் வேலை. “கேமரா போட்டிருக்கேன்லம்மா, அது பாத்துக்கும்” என்றார்.

ஈ காக்கா இல்லாத அறையில் தினமும் தனியாகவே பேசிப் பழகினாள். முதல் வகுப்பன்று காலை, வரும் வழியில் லாரி மோதி இறந்துபோனாள்.

இருபது நாள் கழித்து அவர் வேலைக்கு வந்தார். அன்று மதியம், பதிவு அறைத் திரையின் முன் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

பயிற்சி அறை பூட்டியிருந்தது. உள்ளே கேமரா நகர்ந்துகொண்டிருப்பது திரையில் தெரிந்தது.

கரும்பலகை. ஜன்னல். மறுபடி கரும்பலகை.

“பழுதாயிருக்கும்ணா” என்றேன்.

“பழுதில்லம்மா. அவ பதிவையெல்லாம் இப்பதான் போட்டுப் பாத்தேன். பதட்டம் வந்தா இப்படித்தான் நடக்குறா.”

சாவியை எடுத்துக்கொண்டு போனார். நான் திரையை விட்டு எழவில்லை. முன்வரிசை நாற்காலியில், கைகளைக் கட்டிக்கொண்டு அவர் உட்கார்வது தெரிந்தது.

“வந்துட்டேன்மா. சொல்லு, கேக்குறேன்.”

கேமரா நின்றது.

மைக்கில் அவர் மூச்சு கேட்டது. கூடவே இன்னொரு மூச்சும் கேட்டது.

கேமரா மெல்லக் கீழே சாய்ந்து, அவருக்கு எதிரே இருந்த வெற்றிடத்தைப் படத்தின் நடுவில் வைத்துக்கொண்டது. பிறகு பழையபடி கரும்பலகைக்கும் ஜன்னலுக்குமாக நடந்தது. ஒரு வகுப்பு நேரம் முழுக்க அவர் அசையவில்லை. மணி அடித்ததும் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“நல்லா நடத்துனம்மா. வா, வீட்டுக்குப் போலாம்.”

கேமரா அவர் பின்னாலேயே வாசல்வரை போனது. அங்கே கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு திரும்பிவிட்டது.

நான் பதறிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினேன். அவர் கதவை அகலத் திறந்து பிடித்தபடி, ஒருவர் வெளியே வர வழிவிட்டு ஒதுங்கி நின்றிருந்தார். உள்ளே கூரையில் மோட்டார் சத்தம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போய்வந்தது. அவள் வரவில்லை என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அழுதுவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“கொஞ்சம் இருங்கம்மா, வந்துட்டிருக்கா.”